முளையும் விளைவும்: இளம் மெய்வல்லுநரை இனங்காணல்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம்மவர் நாவிற் பழகிய மொழி. இல்ல விளையாட்டுப் போட்டி நாளிற் பெற்றார் பந்தலிலும் பழைய மாணவர் வரிசையிலும் இம்மொழி பலமுறை கேட்கும். கீழ்ப்பிரிவு ஓட்டத்தில் மற்றையோரைப் பத்தடி பின்தள்ளி வருபவனைச் சுட்டி, "இவன் நாட்டுக்கே ஓடுவான்" என்பர். கடைசியாக வருபவனைப் பற்றி எவரும் ஒன்றுங் கூறார். அடுத்த ஆண்டு அவன் ஓட வருவதுமில்லை. இக்கட்டுரை பெரும்பாலும் அவனைப் பற்றியது.

இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என வினவுவோர் உளராயின், நிறுத்தற் கடிகாரத்துடன் முடிவுக் கோட்டில் நிற்போருள் ஆண்டுதோறும் நாமும் ஒருவர் என்பதே விடை.

படுவான்கரை வயல்களை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். ஒரே நாளில் விதைத்த இரு வயல்களுள் ஒன்றில் மூன்று மாத நெல், மற்றொன்றில் நான்கு மாத நெல். அறுபதாம் நாளளவிற் சென்று பார்த்தால் முன்னது கதிர் தள்ளத் தொடங்கியிருக்கும்; பின்னது வெறும் இலையாய் நிற்கும். அதைக் கண்டு நான்கு மாத நெல்லைப் பதரென்று எந்த உழவனும் ஒதுக்கான். முளையைப் பார்த்து விளைவு கூறுபவன் நெல்லின் இனத்தையும் அறிந்தே கூறுகின்றான். விளையாட்டு மைதானத்தில் நாம் மறப்பது இதனையே.

சிறுவர் உயரத்தில் மிக விரைந்து வளருங் காலம் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டியும், சிறுமியருக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் வருகின்றது. ஆயின் ஒருவனுக்கு அது பன்னிரண்டிலும் இன்னொருவனுக்குப் பதினாறிலும் வரலாம். ஒரே வாங்கில் இருக்கும் இரு பதின்மூன்று வயதினருள் ஒருவன் உடலளவிற் பதினைந்து வயதினனாகவும், மற்றவன் பதினொரு வயதினனாகவும் இருத்தல் கூடும். முன்னவனுக்கு வெற்றியைத் தந்த கால் நீளமும் தசை வலிமையும் பின்னவனுக்கும் வரவிருப்பவை. அவை வரும்போது அவன் மைதானத்தில் இருப்பானா என்பதே கேள்வி.

பிறந்த நாளும் இதில் ஒரு பங்கு வகிக்கின்றது. வயதுப் பிரிவு ஒரு குறித்த நாளைக்கொண்டு கணிக்கப்படுகின்றது. அந்நாளை அடுத்துப் பிறந்தவன், அதே பிரிவிற் கடைசியாகப் பிறந்தவனிலும் ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். கனடாவின் பனிக்கட்டி ஹொக்கி வீரர்களுள் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோரே மிகுதி என்பதை உளவியலறிஞர் ரொஜர் பார்ன்ஸ்லியும் அவர்தம் துணைவரும் 1985ஆம் ஆண்டிற் காட்டினர். தையிற் பிறந்தவனுக்குத் திறமை மிகுதியென்று சோதிடரும் சொல்லத் துணியார்! சிறுவயதிற் சற்று மூத்தவன் தெரிவாகின்றான். தெரிவானவனுக்கே நல்ல பயிற்சி கிடைக்கின்றது. அப்பயிற்சியால் அவன் மெய்யாகவே சிறந்துவிடுகின்றான்.

முளையிலேயே ஒளிர்ந்தவருக்கும் காலம் வேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. அங்கும், 1956இல் மெல்பேணிலும் அவர் பதக்கம் பெற்றாரல்லர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அவ்விழாக்களில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றுக் கொடுத்தார். 2024இல் மறைந்த அப்பெரியாரின் பெயரை நம் மாணவர் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

அங்ஙனமாயின் ஆசிரியர் எதனைப் பார்த்தல் வேண்டும்? முடிவுக் கோட்டை மட்டும் பாராது, ஆறு மாதத்தில் அவன் எவ்வளவு முன்னேறினான் என்பதைப் பார்த்தல் நன்று. புதிய அசைவொன்றைக் காட்டினால் எத்தனை முறையிற் பற்றிக்கொள்கின்றான், தோற்ற மறுநாள் பயிற்சிக்கு வருகின்றானா என்பனவும் கவனிக்கற்பாலன. இயல்பான வேகம் பெரும்பாலும் பிறப்போடு வருவது. முப்பது மீற்றர் ஓட்டத்திலும் நின்றபடி நீளம் பாய்தலிலும் அது ஓரளவு புலப்படும். நெடுந்தூரம் ஓடுந் திறனோ பயிற்சியாற் பெரிதும் வளர்வது. அதனைப் பன்னிரண்டு வயதில் அளந்து தீர்ப்புக் கூறுதல் வீண்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொருவனும் நிற்கும் உயரத்தையும் இருக்கும் உயரத்தையும் குறித்து வைத்தல் வேண்டும். விரைவு வளர்ச்சியிற் கால் முதலிலும் உடம்பு பின்னும் நீளுதலின், இவ்விரு அளவுகளும் அவன் எப்படியில் நிற்கின்றான் என்பதைக் காட்டும். அக்காலத்தில் நல்ல ஓட்டக்காரனும் தன் கால் தனக்கே புதிதாகித் தடுமாறுவான். முழங்கால் நோவும் வரலாம். அது சோம்பலன்று. அப்போது அவனைக் கடிந்துகொள்ளாது பயிற்சிச் சுமையைக் குறைத்தலே முறை.

மைதானத்திற்கு அப்பாலும் பார்த்தல் வேண்டும். வாவியில் வீச்சு வலை எறியுஞ் சிறுவனை நோக்குக. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கையைக் கடைசியாக விடுகின்றான். தட்டெறிதலின் அடிப்படையும் அதுவே. பிரித்தானியாவில் 2007இல் உயரமான இளைஞரைத் தேடி ஓர் அழைப்பு விடுத்தனர். அதற்குச் சென்ற எலன் குளோவர், குறித்த உயரத்திற்குச் சற்றுக் குறைந்தவராதலின் நுனிக்காலில் நின்றாராம். 2008இலேயே துடுப்புப் படகு வலிக்கப் பழகிய அவர் 2012இலும் 2016இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். நம் நகரிலும் அமெரிக்க யேசு சபைத் துறவிகள், சிறப்பாக வெபர் அடிகளார், கூடைப்பந்தாட்டத்தை ஊன்றி வளர்த்தனர். அவர் பெயரை இன்று நகர விளையாட்டரங்கு தாங்கி நிற்கின்றது. அதற்கு முன் மட்டக்களப்புச் சிறுவரிடம் அத்திறமை இல்லாதிருந்ததா? கற்பிப்பார் இல்லாதிருந்தனர்.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படுமுன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஓடத்தை நம்பியே வாவியைக் கடந்தனர். மாலைப் பயிற்சி அவர்க்கு எட்டாக்கனி. இன்று பாலம் உண்டு. எனினும் வீடு திரும்பும் பஸ்ஸை எண்ணிப் பயிற்சியின் நடுவே எழுந்து செல்வோர் உளர். அவர்களை ஆர்வமற்றோர் எனக் குறித்தல் தகாது. பயிற்சி நேரத்தை மாற்றலாம், வழிச்செலவிற்கு உதவலாம்.

கேடயங்களை உவந்தளிக்கும் பழைய மாணவரிடம் ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டின் தன் அளவை இவ்வாண்டு மிகுதியாகக் கடந்தவனுக்கும், ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பரிசு வைப்பீர்களாக. அதைப் பெறுபவன் ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்தவனாயும் இருக்கலாம். அவன் பெயரையும் ஒலிபெருக்கியில் இருமுறை கூறுதல் வேண்டும்.