உயர் கொள்ளளவுத் தோட்டாக்கூடு

உயர் கொள்ளளவுத் தோட்டாக்கூடு என்பது ஒரு துப்பாக்கியில் வழக்கமான அளவினும் மிகுதியான தோட்டாக்களை ஒரே நேரத்தில் ஏற்றி வைக்க உதவும் கூடு ஆகும். தோட்டாக்கூடு பேச்சு வழக்கில் மேகசின் எனவும், இலங்கைத் தமிழில் ரவைக்கூடு எனவும் வழங்கப்படுகிறது. எத்தனை தோட்டாக்களுக்கு மேற்பட்டால் ஒரு கூடு உயர் கொள்ளளவு உடையது எனப்படும் என்பதற்குப் பொதுவான வரையறை இல்லை. அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பலவற்றில் 10 தோட்டாக்களைக் கடந்த கூடு இவ்வகையில் அடங்கும். ஆனால் படைத்துறை ரைபிள்களில் 30 தோட்டாக் கூடே இயல்பான அளவாகும். எனவே துப்பாக்கி உரிமையாளர் பலர் அதனை "வழக்கக் கொள்ளளவுக் கூடு" என்றே அழைப்பர். 40, 60, 100 தோட்டாக்களைக் கொள்ளும் கூடுகளையே அவர்கள் உயர் கொள்ளளவு உடையவையாகக் கருதுவர்.

ரைபிளுக்கான பெரிய கூடு வாங்கத் தக்கதா என்னும் வினா, குடிமக்கள் அவற்றை வாங்கக்கூடிய அமெரிக்காவில் பரவலாக எழுப்பப்படுகிறது. இதற்கான விடை தோட்டாக்களின் எண்ணிக்கையை மட்டும் சார்ந்ததன்று. கூட்டின் நம்பகத்தன்மை, எடை, துப்பாக்கிக் குழல் தாங்கும் வெப்பம், பயன்படுத்தும் நோக்கம், வசிக்கும் இடத்தின் சட்டம் ஆகிய ஐந்தும் இதில் பங்கு பெறுகின்றன.

அமைப்பும் செயற்பாடும்

பெட்டி வடிவக் கூடு ஒன்றில் நான்கு முதன்மையான உறுப்புகள் உள்ளன. அவை உறை, சுருள்வில், தோட்டாக்களைத் தாங்கும் உந்துதட்டு, அடித்தட்டு என்பன. உறையின் மேல் விளிம்புகள் உள்நோக்கி மடிந்திருக்கும். இவ்விளிம்புகளே மேலுள்ள தோட்டாவைச் சரியான கோணத்தில் பிடித்து வைக்கின்றன. துப்பாக்கி சுடும்போது போல்ட் பின்னோக்கிச் சென்று மீண்டும் முன்னோக்கி வரும். அந்த மிகக் குறுகிய இடைவேளைக்குள் சுருள்வில் எஞ்சியுள்ள தோட்டாக்கள் அனைத்தையும் மேலே உயர்த்தி, அடுத்த தோட்டாவைப் போல்ட்டின் பாதையில் நிறுத்த வேண்டும். இதில் தாமதம் நேர்ந்தால் துப்பாக்கி இடையில் சிக்கி நின்றுவிடும்.

கொள்ளளவு கூடும்போது இப்பணி கடினமாகிறது. கூடு நிறைந்திருக்கும்போது தோட்டா அடுக்கின் எடையும் உராய்வும் மிகுதி. கடைசித் தோட்டாக்கள் மட்டும் எஞ்சும்போது சுருள்வில் நீண்டு அதன் விசை குறைந்திருக்கும். இரு நிலைகளிலும் போதிய விசை தரும் சுருள்வில்லை 30 தோட்டாக்களுக்கு அமைப்பதை விட 100 தோட்டாக்களுக்கு அமைப்பது கடினம்.

தோட்டாவின் வடிவமும் கூட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஏகே-47 ரைபிளின் தோட்டா முனை நோக்கிக் குறுகிச் செல்வதால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அடுக்கு வளைகிறது. அந்த ரைபிளின் கூடு வாழைப்பழம் போல் வளைந்திருப்பதற்கு இதுவே காரணம். எம்16 ரைபிளின் 5.56 மிமீ தோட்டாவில் இக்குறுகல் சிறிதளவே. எனவே அதன் 20 தோட்டாக் கூடு நேராகவும் 30 தோட்டாக் கூடு கீழ்ப்பகுதியில் சற்று வளைந்தும் உள்ளன. கூடு பொருந்தும் துளை நேராக இருப்பதால் 30 தோட்டாக் கூட்டின் மேற்பகுதி நேராகவே அமைய வேண்டியதாயிற்று. நேர்ப்பகுதியும் வளைவும் சேரும் இடத்தில் உந்துதட்டு சாய்ந்து சிக்குவது பழைய கூடுகளில் அறியப்பட்ட குறை. சாயாத உந்துதட்டு பின்னர் இதனைப் பெரிதும் நீக்கியது.

வகைகள்

- பெட்டிக் கூடு: தோட்டாக்கள் இரு வரிசைகளாக அடுக்கப்படும். 5 முதல் 45 தோட்டாக்கள் வரை கொள்பவை உண்டு.
- நால்வரிசைக் கூடு: கீழே நான்கு வரிசைகளாக உள்ள தோட்டாக்கள் மேலே இரு வரிசைகளாக ஒடுங்கும். 60, 100 தோட்டாக் கூடுகள் இவ்வகையில் உள்ளன. வரிசைகள் ஒன்றுசேரும் இடமே இதன் நலிந்த பகுதி.
- உருளைக் கூடு (டிரம்): தோட்டாக்கள் சுருளாக அடுக்கப்படும். 50 முதல் 100 தோட்டாக்கள் வரை கொள்ளும்.
- இரட்டை உருளைக் கூடு: துப்பாக்கியின் இருபுறமும் உருளைகள் அமைந்து நடுவில் இணையும். 100 தோட்டாக்கள் கொள்ளும் பீட்டா சி-மேக் இதற்கு எடுத்துக்காட்டு.

வரலாறு

ஒரு முறை நிரப்பிப் பலமுறை சுட வேண்டும் என்னும் விருப்பம் பழமையானது. 1860 இல் உருவான ஹென்றி ரைபிள், குழலுக்குக் கீழே அமைந்த குழாய்க் கூட்டில் 16 தோட்டாக்களைக் கொண்டிருந்தது. அதே காலத்து ஸ்பென்சர் ரைபிளில் 7 தோட்டாக்கள் இருந்தன. ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879 இல் கழற்றக்கூடிய பெட்டிக் கூட்டிற்குக் காப்புரிமை பெற்றார். பிரித்தானியப் பேரரசின் லீ-என்ஃபீல்ட் ரைபிள் அவரது அமைப்பின் வழி வந்தது. அதன் கூடு 10 தோட்டாக்களைக் கொண்டது.

உருளைக் கூடுகளின் வரலாறு இன்றைய வினாவிற்கு நேரடியான பாடம் தருகிறது. அமெரிக்காவின் தாம்சன் கைத்துப்பாக்கித் தோட்டா இயந்திரத் துப்பாக்கிக்கு 50, 100 தோட்டா உருளைக் கூடுகள் இருந்தன. அவை கனமானவை, நடக்கும்போது ஓசை எழுப்பின, நிரப்ப நேரம் பிடித்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 இல் எளிமையாக்கப்பட்ட எம்1 வடிவம் உருளைக் கூட்டினை ஏற்காதவாறே செய்யப்பட்டது. வீரர்கள் 20, 30 தோட்டாப் பெட்டிக் கூடுகளையே பயன்படுத்தினர். சோவியத் ஒன்றியத்தின் பிபிஎஸ்எச்-41 துப்பாக்கி 71 தோட்டா உருளைக் கூட்டுடன் வெளிவந்தது. உருளைகளை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பொருந்துமாறு சரிசெய்ய வேண்டியிருந்ததால், 1942 முதல் 35 தோட்டாப் பெட்டிக் கூடும் செய்யப்பட்டது. இரு நாட்டுப் படைகளும் போர்க்களப் பட்டறிவின் வழியே சிறிய கூட்டின் பக்கம் திரும்பின.

செருமனியின் எஸ்டிஜி 44, அதன்பின் ஏகே-47 ஆகியவற்றில் 30 என்னும் எண் நிலைபெற்றது. எம்16 தொடக்கத்தில் 20 தோட்டாக் கூட்டுடன் வியட்நாம் சென்றது. 1960களின் பிற்பகுதி முதல் 30 தோட்டாக் கூடு படிப்படியாக அதன் இடத்தைப் பெற்றது. வியட்நாமில் 20 தோட்டாக் கூட்டில் 18 மட்டுமே நிரப்பும் வழக்கம் வீரர்களிடையே இருந்தது. கடைசி இரண்டு தோட்டாக்களை விடச் சிக்காத துப்பாக்கியே அவர்களுக்கு மதிப்புடையதாயிருந்தது. இந்தியாவின் இன்சாஸ் ரைபிளின் நெகிழிக் கூடுகள் 1999 கார்கில் போரின் கடுங்குளிரில் விரிசலுற்றதாகக் குறைகூறப்பட்டது. கூடு பழுதானால் நல்ல ரைபிளும் பயனற்றதாகும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எடையும் வெப்பமும்

5.56 மிமீ தோட்டா ஒன்றின் எடை ஏறத்தாழ 12 கிராம். 30 தோட்டாக்கள் நிரம்பிய உலோகக் கூடு ஏறத்தாழ அரை கிலோகிராம் இருக்கும். 100 தோட்டாக்கள் மட்டுமே 1.2 கிலோகிராம், இரட்டை உருளைக் கூட்டுடன் சேர்த்தால் 2 கிலோகிராமைக் கடக்கும். எம்4 ரைபிளின் வெற்று எடையே ஏறத்தாழ 3 கிலோகிராம் என்பதை ஒப்பிட்டால் இதன் தாக்கம் விளங்கும். இவ்வளவு எடை ஒரே இடத்தில் தொங்குவதால் குறிபார்ப்பதும் துப்பாக்கியைத் திருப்புவதும் மெதுவாகின்றன. அமெரிக்கக் காலாட்படை வீரர் வழக்கமாக 210 தோட்டாக்களை 7 கூடுகளில் பிரித்துச் சுமப்பர். ஒரு கூடு பழுதானால் எஞ்சிய ஆறு பயன்படும். 100 தோட்டாக் கூடு பழுதானால் நூறும் ஒருங்கே முடங்கும்.

வெப்பம் இதனினும் அடிப்படையான வரம்பு ஆகும். எம்4 வகை ரைபிள் இடைவிடாது நெடுநேரம் சுடத்தக்க வேகம் நிமிடத்திற்கு 12 முதல் 15 தோட்டாக்கள் மட்டுமே. அவ்வேகத்தில் 100 தோட்டாக்கள் தீர ஏறத்தாழ 7 முதல் 8 நிமிடங்கள் ஆகும். அதனை விட விரைவாகத் தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறித் தேயும், துல்லியமும் குறையும். நெடுநேரம் தொடர்ந்து சுடுவதற்கென்றே தடித்த குழலோ மாற்றக்கூடிய குழலோ உடைய இயந்திரத் துப்பாக்கிகள் உள்ளன. சோவியத் ஆர்பிகே தடித்த குழலுடன் 40 தோட்டாப் பெட்டிக் கூட்டினையும் 75 தோட்டா உருளையையும் பெற்றது இக்காரணத்தாலேயே. மெல்லிய குழல் கொண்ட ரைபிளில் பெரிய கூட்டைப் பொருத்துவதால் அது இயந்திரத் துப்பாக்கி ஆகிவிடாது.

பயன்பாட்டிற்கேற்ற பொருத்தம்

வேட்டை: பெருவிலங்கு வேட்டையில் பெரும்பாலும் ஓரிரு குண்டுகளே சுடப்படும். அமெரிக்க மாநிலங்கள் சில, வேட்டை ரைபிளில் ஐந்து அல்லது ஆறு தோட்டா என்னும் அளவில் வரம்பு விதித்துள்ளன. பெரிய கூட்டினால் இங்குப் பயன் இல்லை.

குறிபார்த்துச் சுடுதல்: படுத்த நிலையில் சுடும்போது நீண்ட கூடு தரையில் இடித்துத் துப்பாக்கியை உயர்த்துகிறது. இதனால் 10 அல்லது 20 தோட்டாக் கூடுகள் விரும்பப்படுகின்றன.

விரைவுப் போட்டி: நேரத்தைக் கணக்கிடும் போட்டிகளில் கூடு மாற்றும் ஓரிரு நொடிகளும் வெற்றியைத் தீர்மானிக்கலாம். 40 முதல் 60 தோட்டாக் கூடுகள் உண்மையான பயன் தரும் இடங்களில் இதுவும் ஒன்று.

தற்காப்பு: வீட்டுத் தற்காப்பிற்குப் பெரிய கூடு தேவை என்போர், இருளிலும் அச்சத்திலும் கூடு மாற்றுவது எளிதன்று என்பர். மறுப்போர், தற்காப்பு நிகழ்வுகளில் 10 தோட்டாக்களுக்கு மேல் சுடப்படுவது மிக அரிது என்பர். இரு தரப்பினரும் ஒப்புக்கொள்வது, தற்காப்பிற்கான கூடு முதலில் சிக்காததாக இருக்க வேண்டும் என்பதே.

பொழுதுபோக்குச் சுடுதல்: சுடுகளத்தில் அடிக்கடி நிரப்பும் வேலையை உருளைக் கூடு குறைக்கும். ஆனால் நிரப்பும் நேரம் மறைவதில்லை. முன்கூட்டியே வீட்டில் செலவாகிறது. தோட்டாச் செலவும் கூடும்.

வாங்குவோர் பொதுவாக நன்கு சோதிக்கப்பட்ட 30 தோட்டாக் கூடுகள் சிலவற்றை வாங்குவதே ஒரு பெரிய உருளையை வாங்குவதினும் மலிவானது, நம்பத்தக்கது என்னும் முடிவுக்கு வருகின்றனர். நிரப்பி வைத்த கூட்டின் சுருள்வில் விரைவில் தளர்ந்துவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. நன்கு செய்யப்பட்ட சுருள்வில் அழுந்திய நிலையில் இருப்பதால் பெரிதும் தளர்வதில்லை. மீண்டும் மீண்டும் அழுந்தி விரிவதே அதனை மிகுதியாகத் தேய்க்கிறது.

சட்டநிலை

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1994 செப்டம்பர் 13 இல் 10 தோட்டாக்களுக்கு மேற்பட்ட புதிய கூடுகளைக் குடிமக்களுக்கு விற்பதைத் தடை செய்தது. அதற்கு முன் செய்யப்பட்ட கூடுகளுக்குத் தடை இல்லை. அச்சட்டம் 2004 செப்டம்பர் 13 இல் காலாவதியானது. பழைய கூடுகள் பெருந்தொகையில் புழக்கத்தில் இருந்ததால், அச்சட்டத்தின் விளைவைத் தனியே பிரித்து அளப்பது ஆய்வாளர்களுக்குக் கடினமாயிற்று.

பின்னர் மாநிலங்கள் தனித்தனியே சட்டம் இயற்றின. நியூயார்க், கனெடிகட், மேரிலாந்து, நியூ செர்சி, கலிபோர்னியா, வாசிங்டன் ஆகியவற்றில் வரம்பு 10. கொலராடோவில் 15, டெலவேரில் 17. இல்லினாயில் ரைபிளுக்கு 10, கைத்துப்பாக்கிக்கு 15. சில மாநிலங்கள் விற்பனையை மட்டும் தடுக்கின்றன. சில உடைமையையும் குற்றமாக்குகின்றன. கலிபோர்னியாவின் தடை செல்லும் என ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

பிற நாடுகளில் கனடா, பெரும்பாலான அரைத்தானியங்கி ரைபிள்களுக்கு 5 தோட்டா வரம்பை 1990களிலேயே விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 இல் நீள்துப்பாக்கிகளுக்கு 10, கைத்துப்பாக்கிகளுக்கு 20 என்னும் வரம்பினை ஏற்றது. 2019 மார்ச் 15 இல் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டதை அடுத்து, நியூசிலாந்து நாடாளுமன்றம் பெரும்பாலான அரைத்தானியங்கித் துப்பாக்கிகளையும் பெரிய கூடுகளையும் தடை செய்தது. வாக்கெடுப்பில் 119 பேர் ஆதரித்தனர், ஒருவர் எதிர்த்தார்.

பொதுப் பாதுகாப்பு விவாதம்

விவாதத்தின் மையம், கூடு மாற்றும் சில நொடிகள் ஆகும். 2011 சனவரி 8 இல் அரிசோனாவின் டூசான் நகரில் ஒருவன் 33 தோட்டாக் கூடு பொருத்திய கைத்துப்பாக்கியால் சுட்டதில் 6 பேர் இறந்தனர். அவன் கூடு மாற்ற முயன்ற வேளையில் அருகிலிருந்தோர் அவனை மடக்கினர். 2012 சூலை 20 இல் கொலராடோவின் அரோரா திரையரங்கில் 12 பேர் கொல்லப்பட்டனர். அங்குப் பயன்பட்ட ரைபிளின் 100 தோட்டா உருளைக் கூடு இடையில் சிக்கி நின்றது. 2019 ஆகத்து 4 இல் ஒகையோவின் டேட்டன் நகரில், 100 தோட்டா உருளைக் கூடு பொருத்திய துப்பாக்கியால் ஏறத்தாழ 30 நொடிகளில் 9 பேர் கொல்லப்பட்டனர். காவலர் உடனிருந்து விரைந்து சுட்டபோதும் அவ்வளவு உயிர்கள் போயின.

வரம்பினை ஆதரிப்போர், கட்டாயமான இடைநிறுத்தம் தப்பியோடவும் தடுக்கவும் வாய்ப்பளிக்கும் என்பர். எதிர்ப்போர், பயிற்சி பெற்றவர் சில நொடிகளில் கூட்டை மாற்றிவிடுவர் என்றும், பல கூடுகளைச் சுமந்து வரும் குற்றவாளியை வரம்பு தடுக்காது என்றும், சட்டத்தை மதிப்போரே இதனால் பாதிக்கப்படுவர் என்றும் கூறுவர். இவ்வாதங்களில் ஒரு முரண் உள்ளது. கூடு மாற்றுவது எளிது எனில், பெரிய கூட்டினை வாங்குவோருக்குக் கிடைக்கும் பயனும் சிறிதே. கூடு மாற்றுவது உயிர்காக்கும் வேளையில் கடினம் எனில், தாக்குபவனுக்கும் அது கடினமாகவே இருக்கும். ஒரே சில நொடிகள் விளையாட்டு வீரருக்கும் தற்காப்பாளருக்கும் தாக்குபவனுக்கும் வெவ்வேறு பொருளைத் தருவதால், வாங்குவது பற்றிய வினாவும் தடை பற்றிய வினாவும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை.