ராம் போட்டும் ஏன் வேகமாகவில்லை?

பென்னலூரில் வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பிள்ளைகளும், ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்து வந்து இரவில் ஆட்டோகேட் பழகுகிற இளைஞர்களும் குறைந்த விலைக்குக் கம்ப்யூட்டர் தேடினால் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ரகம்தான். ஏதோ ஓர் அலுவலகம் நான்கைந்து ஆண்டு ஓட்டிவிட்டுக் கழித்த டெஸ்க்டாப். டெல் ஆப்டிபிளெக்ஸ் அல்லது அதுபோன்ற ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே ஐ5 ப்ராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். டெல் நிறுவனம் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. அந்தப் பெட்டி பிறந்த ஊருக்கே திரும்பி வந்ததாகக்கூட இருக்கலாம்.

ஸ்விட்சைத் தட்டிவிட்டு ஒரு டீ குடித்து முடித்தாலும் திரை இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கையில் சில ஆயிரம்தான் இருக்கிறது. எதை மாற்றலாம் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் சொல்லும் பதில், “ராம் ஏத்திடு, பறக்கும்.” அந்தப் பதிலைத்தான் நாம் முதலில் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ராம் என்பது இப்போது திறந்து வைத்திருக்கும் வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் தற்காலிக இடம். கரண்ட் போனால் அதில் இருந்ததும் போய்விடும். விண்டோஸ், ப்ரௌசர், நீங்கள் வரைகிற படம் எல்லாம் ஓடும்போது அதில்தான் இருக்கும். இடம் போதாவிட்டால் விண்டோஸ் அவற்றில் சிலவற்றை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைக்கும். தேவைப்படும்போது மறுபடி ஏற்றும். அந்த ஏற்றி இறக்கும் வேலைதான் கம்ப்யூட்டரை நகரவிடாமல் செய்வது. ஆகவே இடம் போதாதவருக்கு ராம் சேர்த்தால் பலன் உண்டு, அதுவும் கண்கூடாக உண்டு. ஏற்கெனவே போதுமான இடம் இருப்பவருக்கு 8 ஜிபியை 16 ஆக்கினால் கிடைப்பது காலி இடம், வேகம் இல்லை.

இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. அசெம்பிளி லைனில் பத்து ஸ்டேஷன் இருக்கிறது. ஒன்பதில் வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது, ஒன்றில் மட்டும் மூன்று நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் வெளியே வரும். மற்ற ஒன்பது ஸ்டேஷனிலும் ஆளைக் கூட்டினாலும் கணக்கு மாறாது. கம்ப்யூட்டரும் அப்படித்தான்: பணம் போகவேண்டிய இடம் அந்த மூன்று நிமிட ஸ்டேஷன். அது எது என்று தெரியாமல் வாங்குகிற எந்தப் பாகமும் குருட்டாம்போக்கில் வாங்கியதுதான்.

கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ப்ராசசர், மெமரி (அதாவது ராம்), டிஸ்க் மூன்றும் எத்தனை சதவீதம் வேலையில் இருக்கின்றன என்று காட்டும். கம்ப்யூட்டர் திணறுகிற அதே நேரத்தில் பாருங்கள். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய பெட்டிகளில் பெரும்பாலும் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். ப்ராசசர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

ஏன் காத்திருக்கிறது? ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை, அதாவது நொடிக்கு 120 தடவை சுற்றுகிறது. வேண்டிய தகவல் இருக்கும் வளையத்துக்குப் படிக்கும் முனை நகர்ந்து போக ஏறக்குறைய 9 மில்லி நொடி. தகவல் அந்த முனைக்கு அடியில் சுற்றி வரும்வரை சராசரியாக அரைச் சுற்று, அதாவது இன்னொரு 4 மில்லி நொடி. ஆக ஒரு துண்டுத் தகவலுக்கு 13 மில்லி நொடி. நொடிக்கு ஏறக்குறைய எழுபத்தைந்து துண்டுகள்தான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்து வருவதற்கோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டே இல்லை. எல்லாம் சிப்பில் இருக்கிறது. ஒரு துண்டை எடுக்க அதற்கு ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதே ஐ5, அதே 4 ஜிபியோடு எஸ்எஸ்டி மட்டும் மாற்றினாலே ஆன் ஆகிற நேரம் நிமிடக் கணக்கிலிருந்து நொடிக் கணக்குக்கு வந்துவிடுவது இதனால்தான்.

எஸ்எஸ்டியில் ரகங்கள் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா கேபிளில் மாட்டுகிற இரண்டரை அங்குல வகை எந்தப் பெட்டியிலும் சேரும். நொடிக்குச் சுமார் 550 எம்பி படிக்கும். என்விஎம்இ என்பது மதர்போர்டில் நேராகச் செருகுகிற மெல்லிய பட்டை. சாதாரண ரகமே நொடிக்கு 3500 எம்பி வரை போகும். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து ஏங்க வேண்டாம். பெரிய வீடியோக் கோப்பை நகலெடுக்கும்போதுதான் அந்த வேகம் முழுதாகத் தெரியும். ப்ரௌசர் திறப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம். இன்னொன்றையும் கவனியுங்கள். எம்.2 என்பது செருகுகிற இடத்தின் வடிவம் மட்டும்தான். சில போர்டுகளின் எம்.2 துளையில் சாட்டா வகை மட்டுமே வேலை செய்யும், சிலவற்றில் என்விஎம்இ மட்டுமே. இன்னும் சிலவற்றில் அது வைஃபை அட்டைக்கான துளை. மாடல் எண்ணை வைத்து மேனுவலில் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

எஸ்எஸ்டி போட்ட பிறகும் மெமரி எண்பது தொண்ணூறு சதவீதத்தில் நின்றால், அப்போது ராமுக்கு முறை வருகிறது. ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ரகங்கள் இரண்டும் பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. இருக்கிற ராமின் ஸ்டிக்கரில் பிசி3 என்றிருந்தால் டிடிஆர்3, பிசி4 என்றிருந்தால் டிடிஆர்4. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் 8 ஜிபி ஒன்று போடுவதைவிட 4 ஜிபி இரண்டு போடுவது நல்லது. இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும், படம் காட்டும் வேலைக்கு அது நன்றாக உதவும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. ஆகவே பழைய ராம் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. அதில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. மாட்டிப் பார்த்து ஓடினால் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கையும், கரண்டை மாற்றித் தரும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

ப்ராசசர் விஷயத்தில் பெயரைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் உள்ள வரிசை. 2011இல் வந்த ஐ7 2600ஐவிட 2022இல் வந்த ஐ3 12100 வேகமானது. உங்கள் பெட்டியில் எதைப் போட முடியும் என்பதை மதர்போர்டுதான் தீர்மானிக்கிறது. இன்டெலின் 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் 1151 என்று ஒன்றுதான். உள்ளே போய் உட்காரவும் செய்யும், ஆனால் பழைய போர்டில் புதியது ஓடாது. ப்ராசசரும் போர்டும் ராமும் சேர்ந்தே மாற வேண்டிய நிலை வந்தால் அதற்குப் பெயர் அப்கிரேட் இல்லை, புதுக் கம்ப்யூட்டர். அந்தக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

கேம் ஆட, முப்பரிமாணப் படம் வரைய கிராபிக்ஸ் கார்டு கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. அலுவலகப் பெட்டிகளில் அது பெரும்பாலும் 240 வாட் அளவிலேயே இருக்கும். டெல்லின் பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் கடையில் கிடைக்கும் வழக்கமான 24 முள் வகை இல்லை. ஆகவே வெளியில் வாங்கியதை அப்படியே மாட்ட முடியாது. கார்டு செருகும் துளை தருவது அதிகபட்சம் 75 வாட். தனி மின் கேபிள் கேட்காத, அந்த 75 வாட்டுக்குள் ஓடுகிற கார்டுதான் இந்தப் பெட்டிகளுக்குச் சரி. பெட்டி ஒல்லியாக இருந்தால் உயரம் குறைந்த கார்டாகவும் இருக்க வேண்டும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டராக இருந்தால், எஸ்எம்பிஎஸ் மேல் பெரிதாக 450 என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். கார்டுக்கும் ப்ராசசருக்கும் கிடைக்கும் சக்தி அவ்வளவுதான். மற்ற பாகம் எதிலும் மிச்சம் பிடிக்கலாம், இதில் கூடாது. மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். 6ஆம் தலைமுறைப் பெட்டி வைத்திருப்பவர் அதற்காகவே அதைக் கழிக்க வேண்டாம். கோடிங், படிப்பு, இணையம் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் அல்லது சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நன்றாக ஓடும். ஆட்டோகேட் கட்டாயம் வேண்டுமென்றால் விண்டோஸ் வேண்டும். அப்படிப்பட்டவர் இந்தப் பழைய பெட்டியில் எஸ்எஸ்டிக்கு மேல் செலவழிக்காமல், 8ஆம் தலைமுறைப் பெட்டிக்குப் பணம் சேர்ப்பதே சரி. வாங்கிய எஸ்எஸ்டி வீணாகாது, அந்தப் பெட்டியிலும் மாட்டிக்கொள்ளலாம்.

வாங்குவதற்குச் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போவீர்கள். பஸ் ஏறுமுன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பெட்டியின் மாடல் எண், ராம் ஸ்டிக்கர், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர், எம்.2 துளை நான்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாஸ்க் மேனேஜர் காட்டியதையும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கடைக்காரர் வேறெதையாவது பரிந்துரைத்தால் அந்தப் படத்தைக் காட்டிக் காரணம் கேளுங்கள். நல்ல கடைக்காரர் பொறுமையாகச் சொல்வார். எஸ்எஸ்டியைப் புதிதாக, சீரியல் எண் எழுதிய பில்லோடு வாங்குங்கள். வாரண்டி கேட்கும்போது அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள்.