“தோற்றோம்” என்னும் சொல்: ஆட்டம் காண்போர் பேச்சில் உளப்பாட்டுத் தன்மைப்பன்மை

மக்கள் நாள்தோறும் வழங்கும் எளிய சொற்களுள் இலக்கண நுட்பம் பொதிந்தன பல உள. அவற்றுள் ஒன்று, ஆட்டம் கண்டோர் சொல்லும் ‘வென்றோம்’, ‘தோற்றோம்’ என்னும் வினைமுற்று. களத்தில் இறங்கி ஆடியவர் பதினொருவர். சொல்பவரோ மட்டையைத் தொட்டவரும் அல்லர். பந்தை வீசியவரும் அல்லர். ஆயினும் அவ்வினையைத் தம் வினையாக வைத்துத் தன்மைப்பன்மையாற் கூறுகின்றனர். இது வழுவோ, வழுவமைதியோ, மரபின் இயல்போ என்பது ஆராய்தற்கு உரியது. போட்டி மிக்க இரு நாட்டார் ஆடும் டெஸ்டு ஆட்டம் ஒருதலையாக முடியும்பொழுது இவ்வழக்கின் உண்மை நன்கு புலப்படும். ஆதலின், அத்தகைய ஆட்டம் ஒன்றனை எடுத்துக்கொண்டு, அதனைக் கண்ட தமிழர் பேச்சில் இடமும் திணையும் எங்ஙனம் இயங்குகின்றன என்பதனை ஈண்டுக் காண்போம்.

அடிலெய்டு ஆட்டம்

2020ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே நான்கு ஆட்டங்கள் கொண்ட தொடரின் முதல் டெஸ்டு தொடங்கிற்று. அது பகலும் இரவுமாக, இளஞ்சிவப்புப் பந்து கொண்டு ஆடப்பெற்றது. இந்தியா முதல் இன்னிங்ஸில் 244 ஓட்டங்கள் எடுத்தது. ஆஸ்திரேலியா 191 ஓட்டங்களுக்குள் அடங்கிற்று. 53 ஓட்டங்கள் முன்னிலையில் இருந்த அணியே ஒருதலையாகத் தோற்கும் என அந்நேரத்தில் எவரும் கருதியிருக்க இயலாது.

மூன்றாம் நாளாகிய டிசம்பர் 19இல், ஒரு விக்கெட்டு இழப்பிற்கு 9 ஓட்டங்கள் என்ற நிலையில் இந்தியா ஆட்டத்தைத் தொடர்ந்தது. எண்ணிக்கை 15இல் நிற்கவே நான்கு விக்கெட்டுகள் அடுத்தடுத்து வீழ்ந்தன. ஹேசல்வுட் 8 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து ஐவரையும், கம்மின்ஸ் 21 ஓட்டங்கள் கொடுத்து நால்வரையும் வெளியேற்றினர். இறுதியாக வந்த முகம்மது ஷமி கையில் அடிபட்டு விலகவே, இன்னிங்ஸ் 36 ஓட்டங்களோடு முடிந்தது. ஆடியவருள் ஒருவரும் இரட்டை எண்ணை எட்டவில்லை. மயங்க் அகர்வால் எடுத்த 9 ஓட்டங்களே மிகுதியானவை. டெஸ்டு வரலாற்றில் இந்தியா எடுத்த மிகக் குறைந்த எண்ணிக்கை இதுவே. 1974இல் இலண்டன் லார்ட்ஸ் திடலில் எடுத்த 42 ஓட்டங்களே அதற்கு முன்னர் அவ்விழிநிலையில் இருந்தது. ஆஸ்திரேலியா இரண்டு விக்கெட்டுகளை மட்டும் இழந்து 93 ஓட்டங்கள் எடுத்து எட்டு விக்கெட்டு வேறுபாட்டில் வென்றது.

அன்று சனிக்கிழமை. இந்திய இன்னிங்ஸ் இந்திய நேரப்படி நண்பகலுக்கு முன்னரே முடிந்தது. எஞ்சிய பொழுது முழுதும் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் பேச்சிற்கே உரியதாயிற்று. அப்பேச்சின் வினைமுற்றுகளே நம் ஆராய்ச்சிக்குக் கருவி.

உளப்பாடு பற்றி இலக்கணம் கூறுவது

‘யான்’ என்பவன் ஒருவனே. பல யான்கள் கூடித் தன்மைப்பன்மை ஆதல் இல்லை. ஆகவே, தன்மைப்பன்மை என்பது பேசுவான் பிறரையும் தன்னோடு உளப்படுத்துக் கூறுவதேயாகும். தொல்காப்பியர் வினையியலில் அம், ஆம், எம், ஏம், கும், டும், தும், றும் என்னும் எட்டினையும் தன்மைப்பன்மை ஈறுகளாக வைத்தார். ‘ஓம்’ ஈறு அவற்றுள் இல்லை. பிற்காலத்துப் பவணந்தியார் அதனையும் சேர்த்துக்கொண்டு, அம், ஆம் என்பன முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும், உம் ஊர்ந்த க, ட, த, ற என்பன அவ்விரு திறத்தாரையும் உளப்படுத்தும் என்று வரையறுத்தார்.

இன்றைய வழக்கில் ஏனைய ஈறுகள் யாவும் மறைய, ஓம் ஒன்றே எஞ்சி நின்று எல்லாரையும் உளப்படுத்துகின்றது. அதனால், கேட்பவரை உள்ளடக்குவதும் விலக்குவதும் ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் பெயர்களின் பொறுப்பாயின. எழுவாய் தோன்றா நிலையில் ‘தோற்றோம்’ என்பது இரண்டிற்கும் பொது.

நன்னூல் விதியை இவ்வழக்கோடு பொருத்திப் பார்த்தல் பயன் தரும். ஓம் ஈறு படர்க்கையாரை உளப்படுத்துவது. ‘தோற்றோம்’ என்னும் ஆட்டக் காட்சியாளன் உளப்படுத்துவதும் படர்க்கையாராகிய ஆடுநர் பதினொருவரையே. எனவே ஈற்றளவில் வழு இல்லை. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. ‘யானும் அவரும் சென்றோம்’ என்புழிப் பேசுவானும் சென்றவனே. தன் வினையிற் பிறரைச் சேர்த்துக்கொள்கின்றான். ‘தோற்றோம்’ என்புழியோ வினை பிறருடையது. அதனுள் பேசுவான் தன்னைச் சேர்த்துக்கொள்கின்றான். முன்னது பிறரைத் தன்னுள் அடக்குதல். பின்னது தன்னைப் பிறருள் அடக்குதல்.

அரசன் கோயில் கட்டினான் என்றவழி அவன் ஏவுதற் கருத்தா; தச்சன் கட்டினான் என்றவழி அவன் இயற்றுதற் கருத்தா. ஆட்டம் காண்பவன் ஏவியவனும் அல்லன், இயற்றியவனும் அல்லன். அவ்வினையால் விளையும் இன்பமும் துன்பமும் தன்னைச் சாரும் என்னும் உரிமை ஒன்றே அவனைத் தன்மைப்பன்மைக்கு உரியவன் ஆக்குகின்றது.

தோல்வியைச் சொல்லும் முறைகள்

உரிமையால் வந்த பன்மையாதலின், அவ்வுரிமையைக் கைவிடுதலும் எளிது. தோல்வியைக் கூறும் தமிழ்ப் பேச்சில் இக்கைவிடுதல் பல படிகளாக அமைந்திருத்தலைக் காணலாம்.

முதற்படி, ‘தோத்துட்டோம்’ என்பது. இதன்கண் பேசுவான் தோல்வியைத் தானும் ஏற்கின்றான்.

இரண்டாம் படி, ‘நம்ம ஆளுங்க சொதப்பிட்டாங்க’ என்பது. ‘நம்ம’ என்னும் அடை உறவை விடாது பற்றுகின்றது. ‘ஆங்க’ என்னும் ஈறு வினையை விலக்கிப் படர்க்கையில் வைக்கின்றது. உறவு எனது, பிழை அவரது என்பது கருத்து. தவறு செய்த மகனைப் பற்றித் தந்தை பேசும் பேச்சும் இவ்வமைப்பினதே.

மூன்றாம் படி, ‘இந்தியா தோற்றது’ என்பது. நாட்டின் பெயர் நாட்டினர்க்கு ஆகி வந்து அஃறிணை முடிபு ஏற்றது. உலகம் முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துக் கூறினமையின், இது பண்டை மரபை ஒட்டியதே. இவ்வாய்பாட்டில் பிழை செய்தார் ஒருவரும் இலர், பேசுவானும் இலன். செய்தித்தாள்கள் இதனையே மேற்கொள்ளுதல் அதன் நடுநிலை கருதிப் போலும்.

நான்காம் படி, ‘அவங்க இப்படித்தான்’ என்பது. ‘நம்ம’ என்னும் அடையும் நீங்கிற்று. எதிர் அணியைச் சுட்டிய ‘அவர்’ என்னும் சொல்லாலேயே தன் அணியும் சுட்டப்படுகின்றது. உரிமை முற்றும் துறக்கப்பட்டது.

இவற்றின் வேறாக, எதிரில் இல்லாத ஆட்டக்காரனை விளித்து, ‘அந்தப் பந்தை ஏம்ப்பா தொட்டே?’ எனத் திரையை நோக்கிக் கூறுதலும் உண்டு. இது படர்க்கையை முன்னிலையாக்கிய இடவழுவமைதி. ஓர் இடம் பிறிதோர் இடத்தைத் தழுவும் என்று நன்னூல் கூறுவதற்கு இதனினும் சிறந்த வழக்குச் சான்று காண்டல் அரிது. சினம் மிக்க இடத்தும் முன்னிலையாற் கூறுதலின், பேசுவான் உறவை அறுத்தானல்லன் என்க.

பிற மொழியாரின் வழக்கு

இத்தகைய விலக்கம் தமிழர்க்கே உரியது அன்று. 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் இலண்டன் ஓவல் திடலில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் 7 ஓட்டங்களில் தோற்றது. அஃது ஒருதலை ஆட்டமன்று. ஆயினும் சொந்த மண்ணில் பெற்ற அத்தோல்வியை ஆங்கிலேயர் பொறுக்கவில்லை. ஸ்போர்ட்டிங் டைம்ஸ் என்னும் இதழ், ஆங்கிலக் கிரிக்கெட்டு இறந்துபட்டது எனவும், உடல் எரிக்கப்பெற்றுச் சாம்பல் ஆஸ்திரேலியாவிற்குக் கொண்டுசெல்லப்படும் எனவும் அங்கதமாக ஓர் இரங்கற் குறிப்பு வெளியிட்டது. இவ்விரு நாட்டுத் தொடர்க்குச் சாம்பல் என்னும் பெயர் வந்த வரலாறு இதுவே. அக்குறிப்பில் தோற்றவர் ‘நாம்’ என்றும் இல்லை. ‘அவர்’ என்றும் இல்லை. ஆட்டமே ஓர் ஆளாக உருவகம் செய்யப்பெற்று இறந்துபட, எஞ்சியோர் கையற்று இரங்குவோர் ஆயினர். நம் கையறுநிலைத் துறையின் அமைப்பு, நகைச்சுவைக்குக் கருவியாய் வேற்று மொழியில் தோன்றியமை ஒப்புநோக்கத் தக்கது.

அமெரிக்க உளநூலறிஞர் ராபர்ட் சியால்தினி முதலியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வும் ஈண்டுக் கருதத்தக்கது. தம் பல்கலைக்கழகக் காற்பந்து அணியின் ஆட்டங்களை விவரிக்குமாறு மாணவர்களைக் கேட்டபொழுது, வெற்றியைக் கூறுமிடத்துத் தன்மைப்பன்மையை அவர்கள் மிகுதியும் வழங்கினர். வெற்றி பெறாத ஆட்டத்தைக் கூறுமிடத்து அது குறைந்தது. சற்று முன்னர்த் தேர்வொன்றில் தோற்றதாக அறிவிக்கப்பெற்ற மாணவரிடத்து இப்போக்கு மிக்கிருந்தது. தம் குறையைப் பிறர் புகழால் மூடிக்கொள்ளும் இயல்பு இதனாற் புலனாகும்.

ஆயின் ஆங்கிலத்தில் உளப்பாட்டு வேறுபாடு இல்லை. கேட்பவரை உள்ளடக்கியதோ விலக்கியதோ என்பதனை அம்மொழிச் சொல் காட்டாது. தமிழிலோ ‘நாம் தோற்றோம்’ என்றால், கேட்பவனும் அத்துயரில் பங்கு கொள்வான் என்பது பேசுவானின் துணிபு. ‘நாங்கள் தோற்றோம்’ என்றால், கேட்பவன் எதிர் அணியினன். அன்றேல் ஆட்டத்தில் பற்றிலன். இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு, வெற்றி நாளிலும் தோல்வி நாளிலும் பேச்சைத் தொகுத்து எண்ணி ஆராய்தல் நம் மாணவர்க்குத் தக்க பணியாகும்.

‘நாம்’ என்பதன் எல்லை

அடிலெய்டு ஆட்டத்தோடு அத்தொடர் முடியவில்லை. தலைவர் விராட் கோலி தம் முதல் மகப்பேற்றை முன்னிட்டுத் தாயகம் திரும்பினார்; ஷமியும் ஆட இயலாதவர் ஆயினார். அந்நிலையில், டிசம்பர் 29இல் முடிந்த மெல்போர்ன் ஆட்டத்தில் இந்தியா எட்டு விக்கெட்டு வேறுபாட்டில் வென்றது; அஜிங்க்ய ரஹானே 112 ஓட்டங்கள் எடுத்தார். சிட்னியில் அசுவினும் விகாரியும் அடிபட்ட உடலோடு நெடும்பொழுது நின்று ஆட்டத்தை வெற்றி தோல்வியின்றி முடித்தனர். 1988 முதல் ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றறியாத பிரிஸ்பேன் திடலில், 2021 ஜனவரி 19ஆம் நாள் 328 ஓட்டங்கள் என்னும் இலக்கை எட்டி, இந்தியா தொடரை 2-1 எனக் கைக்கொண்டது.

அவ்விறுதி ஆட்டத்திலேதான் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராசனும் சென்னை வாசிங்டன் சுந்தரும் டெஸ்டில் முதன்முதலாக ஆடினர். முதல் இன்னிங்ஸில் இருவரும் மும்மூன்று விக்கெட்டுகள் வீழ்த்தினர். சுந்தர் 62 ஓட்டங்களும் எடுத்தார். அப்பொழுது தமிழகத்துப் பேச்சில் ‘நம்ம நடராசன்’ என்பது எங்கும் ஒலித்தது. அடிலெய்டில் நாடளாவி நின்ற ‘நம்ம’ என்னும் சொல், பிரிஸ்பேனில் மாநில அளவிற்குச் சுருங்கிற்று; சின்னப்பம்பட்டியார் வாயில் ஊரளவிற்கும் சுருங்கியிருக்கும். உளப்பாட்டிற்கு வரையறுத்த எல்லை இல்லை. பெருமை தோன்றும் இடத்தை நோக்கி அது குறுகியும் விரிந்தும் செல்லும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், ஆட்டம் காண்போர் வழங்கும் ‘வென்றோம்’, ‘தோற்றோம்’ என்பன வழுவல்ல என்பதும், உரிமை பற்றித் தன்னைப் பிறர் வினையுள் அடக்கும் உளப்பாட்டு வகையின என்பதும் பெறப்பட்டன. இவ்விரண்டனுள் ‘வென்றோம்’ என்பது உளப்பாட்டின் உண்மையைக் காட்டும் சான்று ஆகாது. வெற்றியில் பங்கு கோராதார் இலர். 36 ஓட்டங்களில் அணி வீழ்ந்த அன்று ‘அவங்க இப்படித்தான்’ என்று கூறி, ஒரு திங்கள் கழித்துப் பிரிஸ்பேனில் ‘வென்றோம்’ என்பவன் சொல்லில் ஈறு மட்டுமே தன்மைப்பன்மை. டிசம்பர் 19இல் ‘தோற்றோம்’ என்றவன் வாயிலேயே ஜனவரி 19இன் ‘வென்றோம்’ பொருள் நிறைந்த சொல்லாகின்றது. இவ்வேறுபாட்டை வினைமுற்று ஒன்றனைத் தனித்து நோக்கி அறிதல் இயலாது. இரு நாட்களின் பேச்சையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். வழக்கினை ஆராய்வார் சொல்லின் ஈற்றோடு அமையாது, அது சொல்லப்பெற்ற காலத்தையும் உடன் ஆராய்தல் இன்றியமையாதது என்பது இதனாற் போதரும்.