சாமான் வாங்கப் போகும் இடத்தில் படிப்பினையும் வாங்கி வருவோம்

"மௌலவி, என் கணவர் சப்பாத்து, செருப்பு வியாபாரி. வருடத்தில் இரண்டு தடவை சீனாவுக்குப் போய் வருகிறார். இம்முறை என்னையும் கூட்டிப் போவதாகச் சொல்கிறார். வேலை முடிந்ததும் நான்கைந்து நாள் வாகனத்தில் ஊர்களைப் பார்த்து வரலாமாம். இது வீண் செலவாகாதா?"

பெண்களுக்கான வாராந்த வகுப்பு முடிந்தபின் ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. வியாபாரக் குடும்பங்கள் பலவற்றில் எழும் கேள்வி என்பதால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிரயாணம் உணவையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒரு வேதனை. எனவே தன் தேவை முடிந்ததும் ஒருவர் தன் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் வருகிறது. இதை மட்டும் பார்த்தால், வேலை முடிந்தபின் ஒரு நாளேனும் தங்க இடமில்லை என்று தோன்றும். ஆனால் விரைந்து திரும்பச் சொன்னதில் வீட்டிலுள்ளவர்களின் உரிமை பேணப்படுகிறது. அதே நபியவர்கள் பிரயாணம் புறப்படும்போது மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் சென்றார்கள். பூமியில் பயணித்து, முன் சென்றவர்களின் முடிவைப் பார்க்குமாறு குர்ஆனும் பல இடங்களில் சொல்கிறது. ஆகவே போகலாமா என்பதை விட, எங்கே போவது, எப்படிப் போவது என்பதே நாம் யோசிக்க வேண்டியது.

நம்மவர்கள் சீனா போனால் குவாங்சௌ நகரின் ஹோட்டல், மொத்தச் சந்தை, விமான நிலையம் இம்மூன்றோடு திரும்பி விடுகிறார்கள். அங்கிருந்து கிழக்கே கடலோரமாக ஏறத்தாழ 700 கிலோமீற்றர் போனால் சுவான்சௌ என்ற துறைமுக நகர் வரும். அரபிகள் அதை ஸைத்தூன் என்றழைத்தார்கள். 1344 இல் நம் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா, பின்னர் சீனா சென்றபோது இறங்கிய துறைமுகம் அதுதான். பெயர் ஸைத்தூன் என்றாலும் அங்கே ஒலிவ மரமே இல்லை என்று அவர் வியந்திருக்கிறார்.

அந்நகருடன் நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்த்திருப்பீர்கள். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் 1409 ஆம் ஆண்டைக் குறித்து நிற்கும் அக்கல்லைக் கொண்டுவந்தவர் செங் ஹே என்ற சீனக் கடற்படைத் தளபதி. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1417 இல் அவர் ஹோர்முஸ் நோக்கிப் புறப்படுமுன், சுவான்சௌவின் லிங்ஷான் குன்றில் உள்ள பழைய முஸ்லிம் கப்றுகளுக்குச் சென்றதைக் கூறும் கல் இன்றும் அங்கே இருக்கிறது. அங்கு போகிறவர்கள் ஸலாமும் துஆவும் சொல்லி, அந்த அளவோடு நின்றுகொள்வது நல்லது.

நகருக்குள் ஹிஜ்ரி 400 இல், அதாவது 1009 இல் கட்டப்பட்ட கருங்கற் பள்ளிவாசல் இருக்கிறது. பழைய தொழுகை மண்டபத்துக்கு இன்று கூரை இல்லை. ஆனால் சுவர்களில் செதுக்கிய குர்ஆன் வசனங்கள் அப்படியே நிற்கின்றன. 2021 இல் யுனெஸ்கோ இந்நகரின் பழைய சின்னங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இனிப் பயண ஏற்பாட்டுக்கு வருவோம்.

முதலாவது, நாட்கள். குவாங்சௌவின் பெரிய வியாபாரக் கண்காட்சி ஏப்ரல்-மே, ஒக்டோபர்-நவம்பர் மாதங்களில் நடக்கும். மே முதல் வாரமும் ஒக்டோபர் முதல் வாரமும் அங்கே பொது விடுமுறை; பாதைகள் நிரம்பி வழியும். அந்நாட்களைத் தவிருங்கள்.

இரண்டாவது, வாகனம். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் சீனாவில் செல்லாது. வாகனங்களும் அங்கே பாதையின் வலப்பக்கமாகவே ஓடும். சாரதியுடன் வாகனம் அமர்த்துவதே பாதுகாப்பு. முதல் நாள் சாவோசௌ வரை போய் இரவு தங்கி, மறுநாள் சியாமென் வழியாக சுவான்சௌ சேரலாம். சிற்றூர் ஹோட்டல்கள் சில, வெளிநாட்டவருக்கு அறை தரத் தயங்கும். முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள். ஹோட்டல் தவிர்த்து யாருடைய வீட்டிலாவது தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸில் பதிய வேண்டும்.

மூன்றாவது, உணவு. அந்தக் கடலோரத்தில் மரக்கறியைக் கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுண்டு. ஹலாலைக் குறிக்கும் "சிங்ஜென்" என்ற இரண்டு சீன எழுத்துக்களை ஓர் அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் கடைப் பலகைகளிலிருந்து அரபு எழுத்து அகற்றப்பட்டு விட்டதால் இந்த அட்டை உதவும். வடமேற்குச் சீன முஸ்லிம்களின் நூடில்ஸ் கடைகள் அநேகமாக எல்லா நகரங்களிலும் உள்ளன. கொஞ்சம் பேரீச்சம்பழம், பிஸ்கட், ரின்மீன் பெட்டியில் இருந்தால் வழியில் கவலையில்லை.

நான்காவது, தொழுகை. ஷாபிஈ மத்ஹபின்படி, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்க நாடினால் அங்கே முழுமையாகத் தொழ வேண்டும். எனவே குவாங்சௌவில் ஒரு வாரம் தங்கினால் கஸ்ர் இல்லை. பாதையில் கஸ்ரும் ஜம்உம் உண்டு. ஸுப்ஹை எதனுடனும் சேர்க்க முடியாது. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் வுழூச் செய்யத் தண்ணீர் கிடைக்கும். கிப்லா நம் நாட்டைப் போலவே மேற்கும் சற்று வடக்கும்.

ஐந்தாவது, பணம். வியாபாரத்தில் பங்காளிகள் இருந்தால், சுற்றுப்பயணச் செலவில் ஒரு சதமும் கூட்டு முதலிலிருந்து எடுக்கக் கூடாது. மனைவியின் டிக்கட், மேலதிக ஹோட்டல் நாட்கள், வாகனக் கூலி எல்லாம் தனிக் கணக்கு. புறப்படுமுன் பங்காளிகளிடம் சொல்லி விடுங்கள். கடன் தவணை நெருங்கியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அமானிதம் முந்தியது.

இத்தனை தூரம் போகிறவர்கள், சுவான்சௌவுக்கு அருகில் ஜின்ஜியாங் பக்கத்திலுள்ள சென்தாய் என்ற ஊரையும் பார்க்க வேண்டும். சப்பாத்து வியாபாரிக்கு அது வேலைக்கும் உதவும். சீனாவில் பெயர்பெற்ற சப்பாத்து உற்பத்திப் பிரதேசம் அது. அங்கே பெரும் எண்ணிக்கையில் வாழும் திங் குடும்பத்தார் முஸ்லிம் வணிகர்களின் வழித்தோன்றல்கள். 1357 முதல் 1366 வரை சுவான்சௌவில் நடந்த கலகத்துக்குப் பின் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள். தப்பியவர்கள் கிராமங்களில் ஒதுங்கினார்கள். திங் குடும்பமும் அந்தக் காலத்தில் சென்தாய் வந்து சேர்ந்தது. 1979 இல் அரசாங்கம் அவர்களை ஹுய் முஸ்லிம் இனத்தவராக ஏற்றுக்கொண்டது.

ஆனால் இன்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தொழுகை தெரியாது. முன்னோருக்குப் படையல் வைக்கிறார்கள். அந்தப் படையலில் மட்டும் பன்றி இறைச்சி வைப்பதில்லை. ஈமானில் எஞ்சியது அந்த ஒரு வழக்கம்தான். வியாபாரம் கைவிட்டுப் போகவில்லை, செல்வமும் வந்தது. பிள்ளைக்குக் கலிமாவும் ஓதலும் சொல்லிக் கொடுக்கும் வழக்கமோ சில தலைமுறைகளில் நின்று போனது. அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. உயிருக்கு அஞ்சி ஒளிந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். பள்ளிவாசலும் மத்ரஸாவும் அருகிருந்தும் பிள்ளையின் ஓதலை அலட்சியம் செய்யும் நமக்கு என்ன பதில் இருக்கிறது?

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னது இதுதான்: பிள்ளைகளை நம்பிக்கையான ஒருவரின் பொறுப்பில் விட்டு, கணக்கைத் தனியாக எழுதி வைத்து, கணவருடன் தாராளமாகப் போய் வாருங்கள். அந்தக் கூரையில்லாத பள்ளிவாசலையும் சென்தாயையும் பார்த்துவிட்டு வந்து, முதல் வேலையாகப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நம் பிரயாணங்களை இலேசாக்கி, நம் சந்ததிகளைத் தொழுகையை நிலைநாட்டுவோராக அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.