வடையின் துளையும் வைத்திய ஆராய்ச்சியும்

உளுந்து வடை தட்டும் தாய் அதன் நடுவே ஒரு துளையிடுகின்றாள். மாவை எவ்வளவு இழுத்தாலும் நெளித்தாலும், அறுந்தோ ஒட்டியோ போகாதவரை அத்துளை மறையாது. நீள அகலங்கள் மாறினும் தாம் மாறாத இத்தகைய இயல்புகளை ஆராயும் கணிதப் பிரிவே இடவியலாகும். ஓர் உருவம் எத்தனை துண்டுகளாயுள்ளது, எத்தனை துளைகளையுடையது, எவ்வாறு கிளைக்கின்றது என்பனவே அது எழுப்பும் வினாக்கள். இவற்றை அட்சரகணிதத்தாற் கணிக்கும் வழிக்கு 1895ஆம் ஆண்டில் அடிகோலியவர் பிரெஞ்சு மேதை ஹென்றி பொயின்காரே.

ஏட்டளவில் நின்ற அக்கணிதம் இன்று கணினியின் துணையோடு நோயாளரின் உயிர் பற்றிய வினாக்களையும் ஆராய்கின்றது.

2007இல் குர்ஜீத் சிங், ஃபக்குண்டோ மெமோலி, குன்னர் கார்ல்சன் ஆகியோர் 'மாப்பர்' எனும் முறையை வெளியிட்டனர். நோயாளர் ஒவ்வொருவரின் பரிசோதனை முடிவையும் ஒரு புள்ளியாகக் கொள்வோம். அப்புள்ளிகளை ஓர் அளவின்படி நிரைப்படுத்தி, ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேற் படியுமாறு பல பகுதிகளாகப் பிரிப்பர். ஒவ்வொரு பகுதியிலும் ஒன்றையொன்று ஒத்த புள்ளிகள் ஒரு முடிச்சாகும். இரு முடிச்சுகளுக்குப் பொதுவான புள்ளி இருப்பின் அவை ஒரு கோட்டால் இணைக்கப்படும். ஈற்றில் வலைபோன்றதொரு படம் தோன்றும். 'கெப்ளர் மாப்பர்' எனும் இலவச மென்பொருள் மூலம் மாணவரும் இதனைச் செய்து பார்க்கலாம்.

2011இல் மொனிக்கா நிக்கொலாவ், ஆர்னல்ட் லெவைன், கார்ல்சன் ஆகிய மூவரும் நெதர்லாந்து நோயாளரின் 295 மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளின் பரம்பரை அலகுத் தரவுகளை இம்முறையால் ஆராய்ந்தனர். படத்தில் ஒரு சிறு கிளை தனித்து நீண்டிருந்தது. அக்கிளைக்குரிய பெண்கள் அனைவரும் உயிர் பிழைத்திருந்தனர். எவருக்கும் புற்று வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கவில்லை. வழக்கமான தொகுப்பு முறைகளுக்கு இக்குழு புலப்படவேயில்லை.

இதைக்கொண்டு சிகிச்சையைக் கைவிடலாமென எவரும் எண்ணலாகாது. ஒரு தரவுத் தொகுதியிற் கண்டதைப் பல ஆய்வுகள் உறுதிசெய்தல் வேண்டும். எனினும், கடுஞ்சிகிச்சை எவருக்கு வேண்டும், எவருக்கு வேண்டாம் என்பதை முன்னரே அறிவது எத்தனை குடும்பங்களின் துயரைக் குறைக்கும்! அவ்வறிவைத் தேடும் வைத்தியருக்கு, எங்கே நோக்கவேண்டுமென்று சுட்டிக்காட்டும் விரலாக இக்கணிதம் அமைந்துள்ளது.