காழ் என்னும் பழஞ்சொல்

ஊர்காவற்றுறை வீடுகளில் 'சுடுதல்' என்னும் சொல்லுக்கு ஓய்வே இல்லை. பனங்காயைச் சுடுகின்றோம், மீனைச் சுடுகின்றோம், தோசையைச் சுடுகின்றோம், எண்ணெயில் வேகும் பணியாரத்தையும் சுடுவதாகவே சொல்கின்றோம். தணலிலா, கல்லிலா, எண்ணெயிலா என்பதை இச்சொல் தனித்து நின்று காட்டுவதில்லை. அங்ஙனமாயின், இறைச்சியைக் கம்பியிற் கோத்துச் சுடுவதைத் தமிழர் எவ்வாறு குறித்தனர்? இதற்கு விடை தருவது 'காழ்' என்னும் பழஞ்சொல்லாகும்.

முடத்தாமக் கண்ணியார் கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பொருநராற்றுப்படை, பத்துப்பாட்டுள் ஒன்று. அதில் மன்னன் பொருநனுக்கு அளிக்கும் விருந்தில் காழிலே கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியும் இடம்பெறுகின்றது. ஆங்குக் காழ் என்பது இருப்புக்கம்பி. காழுக்கு விதை என்ற பொருளும் உண்டு. அப்பொருளை இங்கே கொள்ளின் விருந்தே கெட்டுவிடும். மாணவர் இதனை நினைவிற் கொள்க.

கம்பிக்கு இப்பெயர் எங்ஙனம் வந்தது? காழ் என்பதன் அடிப்படைக் கருத்து வன்மை. மரத்தின் வயிரமும் காழ் எனப்படும். தொல்காப்பிய மரபியல், உள்ளே வயிரமுடையவற்றை மரம் என்றும், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் பகுக்கின்றது. நம் தீவகத்துப் பனை புறக்காழ் உடையது. ஆதலின் அதன் வெளிப்புறமே வீட்டுக் கூரைக்குச் சிலாகையாகின்றது. வயிரத்தைக் குறித்த சொல், வளையாத கம்பிக்கும் ஆயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பிறமொழிகளிலும் கருவியே உணவுக்குப் பெயர் தந்துள்ளது. வடமொழியிற் சூலத்திற் கோத்துச் சுட்டது 'சூல்யம்'. 'சீக் கபாப்' என்பதிற் சீக் என்பது கம்பியே. இன்று இளைஞர் விரும்பிக் கூறும் 'பார்பிக்யூ' கரீபியத் தீவுகளிலிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. அது குச்சிகளாற் கட்டிய பரணைக் குறித்த சொல். ஆகவே காழும் பார்பிக்யூவும் பிறப்பில் ஒன்றல்ல.

போர்த்துக்கேயர் நமக்குக் 'குசினி' என்ற சொல்லைத் தந்தனர், நாமும் ஏற்றோம். புதுச்சொல் வருவது குற்றமன்று. பழஞ்சொல் பொருளறியப்படாமல் மறைவதே இழப்பு. மனத்தில் இறுகும் பகையைக் 'காழ்ப்பு' என்கின்றோமே, அதுவும் இக்காழின் வழிவந்ததே. விருந்துக்கு உதவிய காழை மறந்து, காழ்ப்பை மட்டும் நாவில் வைத்திருத்தல் நன்றோ? ஊன் உண்ணாதாரும் இச்சொல்லைச் சுவைக்கலாம், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.