எங்கேயோ நடந்த கொலை, நம்ம ஊரில் பீதி: பதற வைக்கும் வீடியோக்கள் பரவுவது எப்படி?

அம்பத்தூர்:

ராத்திரி 10 மணிக்கு மேல் தெருவாசிகள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழுகிறது. நடுரோட்டில் ஒருவரை நாலு பேர் சேர்ந்து வெட்டுகிறார்கள். கீழே ஒரு வரி: "நம்ம ஏரியாவுலதான் நடந்திருக்கு, எல்லாரும் உஷாரா இருங்க, அதிகமா ஷேர் பண்ணுங்க".

எந்த ஏரியா? என்றைக்கு நடந்தது? எடுத்தது யார்? அதெல்லாம் கிடையாது. காலையில் பார்த்தால் அதே வீடியோ ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு என்று சுற்றிவிட்டு, சொந்தக்காரர் ஒருவர் மூலம் நமக்கே திரும்பி வருகிறது.

இதில் என்ன பெரிய விஷயம், பார்த்துவிட்டு அழித்துவிட்டால் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். இப்படிப்பட்ட வீடியோவை நம்பி திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒருவரை அடித்து கொன்றிருக்கிறார்கள். இன்னொரு வகை வீடியோவை செல்போனில் வைத்திருந்ததற்காக அம்பத்தூரில் பதிவான வழக்கு ஒன்று டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது.

சாக்லெட் கொடுத்ததால் போன உயிர்

2018-ம் ஆண்டு ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். வேலூர், திருவண்ணாமலை, காஞ்சீபுரம், திருவள்ளூர் பக்கம் எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. "வடநாட்டுல இருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கு, குழந்தைங்கள தூக்கிட்டு போய் உறுப்பை எடுக்குறாங்க" என்று ஆடியோ, கூடவே பதற வைக்கும் வீடியோ.

மே 9-ந்தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் பகுதியில் ஒரு குடும்பம் குலதெய்வம் கோவிலுக்கு காரில் போய்க்கொண்டிருந்தது. சென்னை புறநகரை சேர்ந்தவர்கள். வழி கேட்க காரை நிறுத்தினார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்கு, காரில் வந்த 65 வயது அம்மா சாக்லெட் கொடுத்தார். அவ்வளவுதான். "பிள்ளை பிடிக்க வந்துட்டாங்க" என்று தகவல் பறந்தது. அடுத்த ஊரில் கூட்டம் காரை மறித்து அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தனர்.

அதே வாரத்தில் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் சுற்றித்திரிந்த ஒருவரை பிடித்த கும்பல், அவரும் பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி அடித்து கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அவர் யார், எந்த ஊர் என்று கேட்டு விசாரிக்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

அத்திமூரில் அடித்தவர்கள் அதையும் செல்போனில் எடுத்தார்கள். அதுவும் பரவியது. அந்த வீடியோக்களை வைத்தும் போலீசார் ஆட்களை அடையாளம் கண்டு பலரை கைது செய்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

கராச்சியில் எடுத்த படம்

அந்த நேரத்தில் நாடு முழுக்க சுற்றிய வீடியோக்களில் ஒன்று இது. மோட்டார் சைக்கிளில் 2 பேர் வருகிறார்கள். தெருவில் கிரிக்கெட் விளையாடும் பொடியன்களில் ஒருவனை அள்ளி தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பெற்றவர்கள் யார் பார்த்தாலும் வயிறு கலங்கும்.

ஆனால் முழு வீடியோ அதோடு முடியவில்லை. அதே வண்டி திரும்பி வருகிறது. பையனை பத்திரமாக இறக்கிவிடுகிறார்கள். பின்னால் உட்கார்ந்தவர் ஒரு அட்டையை விரித்து காட்டுகிறார். கராச்சி தெருக்களில் ஒரு குழந்தையை தூக்கிக்கொண்டு போக ஒரு நொடி போதும், பெற்றோர்களே கவனம் என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறது. பாகிஸ்தானில் காணாமல் போன குழந்தைகளுக்காக வேலை செய்யும் 'ரோஷ்னி' என்ற அமைப்பின் விழிப்புணர்வு படம் அது. எல்லாமே நடிப்பு.

யாரோ கடைசி சில வினாடிகளை மட்டும் வெட்டிவிட்டார்கள். குழந்தையை காப்பாற்ற எடுத்த படம், ஆளை கொல்லும் படமாக மாறிவிட்டது. இன்னொரு வீடியோவில் குழந்தைகளின் உடல்கள் வரிசையாக கிடந்தன. உறுப்பு திருடியவர்கள் போட்டுவிட்டு போனதாக கதை கட்டினார்கள். உண்மையில் அது 2013-ல் சிரியா நாட்டில் நடந்த விஷவாயு தாக்குதலில் இறந்த குழந்தைகளின் காட்சி.

2018 ஜூலை 1-ந்தேதி மராட்டிய மாநிலம் துலே மாவட்டம் ரெயின்பாடா கிராமத்தில் இதே வதந்திக்கு 5 பேர் பலியானார்கள். அதன் பிறகுதான் வாட்ஸ்அப் கம்பெனி கொஞ்சம் அசைந்தது. இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாது என்று அந்த மாதமே கட்டுப்பாடு வந்தது. பலமுறை பார்வர்டு ஆன தகவலை ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இறுக்கினார்கள்.

தேடிப்போய் பார்த்த காலம்

இந்த வியாபாரம் வாட்ஸ்அப்பில் தொடங்கியது இல்லை. பிணம், விபத்து, கொலை என்று கோரக்காட்சிகளை மட்டுமே போடும் 'ராட்டன் டாட் காம்' என்ற வெப்சைட் 1996-லேயே வந்துவிட்டது. அடுத்து 'ஓக்ரிஷ்'. ஈராக் போர் சமயத்தில் பிணைக்கைதிகளின் தலையை துண்டிக்கும் வீடியோக்களை பார்க்க இந்த தளத்தில் கூட்டம் அலைமோதியது. அதை நடத்தியவர்கள் 2006-ல் 'லைவ்லீக்' என்ற தளத்தை தொடங்கினார்கள்.

அதே 2006 டிசம்பர் 30-ந்தேதி சதாம் உசேன் தூக்கிலிடப்பட்டதை யாரோ செல்போனில் திருட்டுத்தனமாக எடுத்தார்கள். அந்த மங்கலான வீடியோ சில நாளில் உலகத்தை சுற்றி வந்தது. நம்ம பக்கம் அப்போது வீட்டில் இன்டர்நெட் வைத்திருந்தவர்கள் குறைவு. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றும்போது கூடவே ஏற்றி தருவார்கள். அங்கிருந்து புளூடூத்தில் ஒரு போனில் இருந்து இன்னொரு போனுக்கு தாவும்.

கனடாவில் 'பெஸ்ட்கோர்' என்ற தளம் 2012-ல் மாண்ட்ரியல் நகரில் ஒரு மாணவர் கொலை செய்யப்பட்ட வீடியோவை அப்படியே போட்டது. கொலைகாரனே எடுத்த வீடியோ அது. தளத்தை நடத்தியவர் மீது வழக்கு பாய்ந்து, 2016-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2020-ல் அந்த தளம் மூடப்பட்டது. லைவ்லீக்கும் 2021 மே மாதம் கடையை கட்டியது.

அப்பாடா, ஒழிந்தது என்று சொல்ல முடியவில்லை. முன்பு தேடிப்போனவர்கள்தான் பார்த்தார்கள். இப்போது தேடாதவர்களுக்கும் தானாக வருகிறது. 2019 மார்ச் 15-ந்தேதி நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரை சுட்டுக்கொன்றவன் அதை பேஸ்புக்கில் நேரலையாக காட்டினான். நேரலையாக பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் மட்டும் அந்த வீடியோவின் 15 லட்சம் பிரதிகளை அகற்றியதாக பேஸ்புக்கே சொன்னது. பழைய வெப்சைட்டில் எங்கே, எப்போது என்று ஒரு தலைப்பாவது இருக்கும். பார்வர்டு ஆகி வருவதில் அதுவும் உதிர்ந்துவிடுகிறது.

சட்டக்கல்லூரி வீடியோ

அதற்காக பதற வைக்கும் வீடியோ எல்லாமே கெட்டது என்று சொல்லிவிட முடியுமா? 2008 நவம்பர் 12-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு அருகே டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக்கல்லூரியில் மாணவர்கள் மோதிக்கொண்டார்கள். கீழே விழுந்து கிடந்த மாணவரை கட்டையால் அடிக்கும் காட்சியை டி.வி.யில் பார்த்து தமிழ்நாடே உறைந்துபோனது. போலீசார் தடுக்காமல் வெளியே நின்ற காட்சியும் அதில் இருந்தது.

அந்த வீடியோவை காட்டி சாதி வெறியை தூண்டியவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இடம், தேதி, எடுத்த டி.வி. எல்லாம் தெரிந்த வீடியோ அது. அதனால் கேள்வி கேட்க முடிந்தது. சென்னை போலீஸ் கமிஷனர் மாற்றப்பட்டார். நீதிபதி சண்முகம் தலைமையில் விசாரணை கமிஷன் வந்தது. கடைசியில் கல்லூரியே 2018-ல் நகரத்தை விட்டு புதுப்பாக்கத்துக்கும், திருவள்ளூர் மாவட்டம் பட்டரைபெரும்புதூருக்கும் போய்விட்டது.

பாட்னாவில் எடுத்த 'தமிழ்நாடு' வீடியோ

2018-ல் வடநாட்டுக்காரர்களை பார்த்து நம்மாட்கள் பயந்தார்கள். 2023-ல் கதை தலைகீழ். தமிழ்நாட்டில் இந்தி பேசும் தொழிலாளர்களை வெட்டிக்கொல்கிறார்கள் என்று பிப்ரவரி கடைசியில் பீகார் முழுக்க வீடியோக்கள் பரவின. பீகார் சட்டசபையில் அமளி. அதிகாரிகள் குழு ஒன்று தமிழ்நாட்டுக்கே கிளம்பி வந்தது.

வீடியோக்கள் பொய்யானவை என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு விளக்கினார். ஒன்று திருப்பூரில் வெளிமாநில தொழிலாளர்களே தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதல். ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் நடந்த ஒரு கொலையையும் தமிழ்நாடு என்று ஓட்டினார்கள். உச்சகட்டமாக, காயம்பட்ட தொழிலாளர்கள் போல கட்டுப்போட்டுக்கொண்டு பேசிய ஒரு வீடியோ பாட்னாவில் வாடகை வீட்டில் எடுக்கப்பட்டது என்று பீகார் போலீசே கண்டுபிடித்தது. யூடியூபர் மணீஷ் காஷ்யப் அந்த மார்ச் மாதம் கைது செய்யப்பட்டு தமிழ்நாட்டுக்கு கொண்டுவரப்பட்டார். அவர் மீது போட்ட தேசிய பாதுகாப்பு சட்டத்தை பின்னர் ஐகோர்ட்டு மதுரை கிளை ரத்து செய்தது.

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், திருமழிசை பக்கமும் லேத், பிரஸ், பவுண்டரி வேலைகளில் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் இளைஞர்கள் ஏராளம். ஊரில் இருக்கும் அம்மா அந்த வீடியோவை பார்த்தால் சும்மா இருப்பாரா? "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், உசுரோட வந்து சேரு" என்றுதான் போன் போடுவார். அது ஹோலி பண்டிகை சமயம் வேறு. பண்டிகைக்கு ரெயில் ஏறியவர்களின் கூட்டத்தையே படம்பிடித்து, "பார், தப்பி ஓடுகிறார்கள்" என்றும் பரப்பினார்கள்.

செல்போனில் இருந்தாலே வழக்கு

இனி அம்பத்தூர் வழக்கு. குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாச வீடியோவை ஒரு வாலிபர் டவுன்லோடு செய்திருப்பதாக தேசிய குற்ற ஆவண காப்பகம் மூலம் தகவல் வந்தது. 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் போலீசார் வழக்கு பதிவு செய்தனர். அவர் யாருக்கும் அனுப்பவில்லை, தனியாக பார்த்ததுதானே என்று 2024 ஜனவரி 11-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு வழக்கை ரத்து செய்தது.

அந்த தீர்ப்பை 2024 செப்டம்பர் 23-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தூக்கி எறிந்தது. இப்படிப்பட்ட வீடியோவை அழிக்காமல், போலீசில் சொல்லாமல் வைத்திருப்பதே போக்சோ சட்டம் 15-வது பிரிவில் குற்றம் ஆகலாம் என்று கூறி, வழக்கை மறுபடியும் திருவள்ளூர் மகளிர் கோர்ட்டுக்கே அனுப்பியது. 'ஆபாச படம்' என்ற பேரே தப்பு, அது குழந்தைக்கு நடந்த கொடுமையின் பதிவு என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

அதனால் "பாருங்க, என்ன கொடுமை" என்று பரிதாபப்பட்டுக்கூட அந்த மாதிரி வீடியோவை குரூப்பில் போட்டுவிடாதீர்கள். போட்டவரும் மாட்டுவார், வைத்திருப்பவரும் மாட்டலாம். பொய் தகவல் பரப்பி பீதி கிளப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா 353-வது பிரிவு இருக்கிறது. இனம், மொழி, பிறந்த ஊர் போன்றவற்றை காரணமாக வைத்து 5 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து ஒருவரை கொன்றால், அதே சட்டத்தின் 103(2) பிரிவில் ஒவ்வொருவருக்கும் ஆயுள் அல்லது தூக்கு வரை தண்டனை உண்டு.

வீடியோ வந்தால் முதலில் வண்டி நம்பரை பாருங்கள். அம்பத்தூர் என்றால் டி.என்.13, பூந்தமல்லி என்றால் டி.என்.12 வண்டிகள் நாலைந்தாவது கண்ணில் படும். கடை போர்டு எந்த மொழி, போலீஸ்காரர் போட்டிருப்பது நம்ம ஊர் யூனிபார்மா, பின்னால் கேட்கும் பேச்சு என்ன பாஷை? சத்தத்தை எடுத்துவிட்டு சோக மியூசிக் போட்டிருந்தால் சந்தேகப்படலாம். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்சில் போட்டால் பழைய வீடியோ பல நேரம் அங்கேயே பல்லை இளிக்கும். தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகமும் 2023 முதல் இதற்காக இயங்கி வருகிறது.

புகார் கொடுக்க தேசிய சைபர் கிரைம் இணையதளம் இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிகள் 2022 ஜனவரி 1-ந்தேதி முதல் ஆவடி போலீஸ் கமிஷனரகத்தில் வருவதால், நேரில் போவதாக இருந்தால் இவர்கள் அங்கேதான் போக வேண்டும். குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.